புதிதாக வாங்கிய பழைய கார்: வேலூர்ப் பகுதி உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குடியாத்தத்தில் ஒரு வீட்டுக் கொட்டகையில் ஆறு ஆண்டுகள் அசையாமல் நின்ற 1977ஆம் ஆண்டு மார்க் 3 அம்பாசிடர் ஒன்றை வாங்கி, அதைப் பத்திரமாக ஓடும் வண்டியாக மாற்றிய நாள் முதல், காட்பாடியிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் பழைய கார் வாங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன். இப்பகுதியில் அதிகம் கைமாறுபவை அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, அரிதாகச் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை என்பதால், எடுத்துக்காட்டுகளும் அவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன.

வாங்கிய அன்றே வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரலாமா?

வரக்கூடாது. விற்றவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எஞ்சின் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனாலும், இந்த விடையில் மாற்றமில்லை. நான் அந்தத் தவற்றைச் செய்தேன். குடியாத்தத்திலிருந்து வேலூர் முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவுதானே என்று கிளம்பினேன். பள்ளிகொண்டாவை நெருங்கும்போது வண்டி இழுப்பது குறைந்தது. பிறகு ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. இறங்கிப் பார்த்தபோது வலது முன்சக்கரத்தின் டிரம் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. பாட்டில் தண்ணீரைத் தெளித்தபோது சொட்டுகள் சீறி ஆவியாயின. மறுநாள் அந்தச் சக்கரத்தின் பிரேக் ஹோஸைக் கழற்றி, பிளேடால் நீளவாக்கில் வெட்டிப் பார்த்தோம். வெளிப்புறம் கீறல்கூட இல்லை. உள்ளே இருந்த ரப்பர் உப்பி, துளை முழுவதும் அடைபட்டு, ஒரு குண்டூசிகூட நுழையாத நிலையில் இருந்தது. மிதிக்கும் அழுத்தத்தில் பிரேக் ஆயில் உள்ளே போயிருக்கிறது. திரும்பி வர வழியில்லாமல் பிரேக் பிடித்தபடியே நின்றிருக்கிறது. நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே இது முற்றிய நிலைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ரெக்கவரி வண்டிக்குக் கொடுக்கும் தொகை வீண்செலவு அன்று. வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து, நேராக மெக்கானிக் கொட்டகையில் இறக்குங்கள்.

கையில் இருக்கும் பணத்தை எந்த வரிசையில் செலவிட வேண்டும்?

நிற்பது, திரும்புவது, பிறகுதான் ஓடுவது என்பதே என் வரிசை. பிரேக், டயர், ஸ்டீயரிங் ஆகிய மூன்றும் முடியும்வரை பெயின்ட், சீட் கவர், குரோமியம் பூச்சு ஆகியவற்றுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவற்றை அடுத்து, தீப்பிடிக்க வாய்ப்புள்ள பெட்ரோல் குழாய்களும் ஒயரிங்கும் வரும். அதன் பின் ரேடியேட்டர், எஞ்சின் கடைசி. நம் ஊரில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: எஞ்சினைப் பிரித்து, போர் அடித்து, பெயின்ட் அடித்து முடித்த பிறகு பிரேக்குக்குப் பணமில்லாமல் நிற்கிறார்கள். நன்றாக ஓடும் வண்டி நிற்காமல் போவதுதான், ஓடாமலே நிற்கும் வண்டியைவிட ஆபத்தானது.

பிரேக்கில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? மிதித்தால் நிற்கிறதே, போதாதா?

போதாது. இந்தக் கால வண்டிகளில் பிரேக் இரண்டு தனித்தனிச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று ஓரளவு நிறுத்தும். பழைய அம்பாசிடரிலும் பத்மினியிலும் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்றுதான். ஏதாவது ஒரு சக்கரத்தில் ஒரு வாஷர் கிழிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அதன் பிறகு ஹேண்ட் பிரேக் மட்டுமே மிஞ்சும். ஆகவே ஹேண்ட் பிரேக்கும் ஏற்றத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் அளவுக்கு வேலை செய்தாக வேண்டும்.

முதலில் வண்டி நின்ற நிலையில் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே எங்கும் கசிவு இல்லாவிட்டாலும் மாஸ்டர் சிலிண்டரின் உள் வாஷர் தேய்ந்திருக்கிறது என்று பொருள். பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் முறை மிதிக்கும்போது பெடல் மேலே ஏறி வந்தால், லைனிங்குக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். பெரும்பாலும் அட்ஜஸ்ட் செய்தால் சரியாகிவிடும்.

அடுத்து நான்கு டிரம்களையும் கழற்றுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெதுவாக நகத்தால் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அந்தச் சிலிண்டர் மாற்றப்பட வேண்டும். பின்சக்கரத்தில் ஆயில் சீல் கசிந்து லைனிங் நனைந்திருக்கலாம். நனைந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் மாட்டும் வழக்கம் நம் கொட்டகைகளில் உண்டு. அதைச் செய்ய விடாதீர்கள். சூடேறும்போது உள்ளே ஊறிய எண்ணெய் மீண்டும் வெளியே வரும். ரிவெட் தலைக்கு மேல் லைனிங் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லையென்றாலும் மாற்ற வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதினால் அது மூச்சில் கலந்து நுரையீரலில் தங்கிவிடும். தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள். வேலை செய்யும் பையன் முகத்தில் முகக்கவசம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவர் வயதில் யாரும் அதை அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ரப்பர் ஹோஸ்கள் அனைத்தையும், நிலை எப்படி இருந்தாலும், புதிதாக மாற்றிவிடுங்கள். இரும்புக் குழாய்களில் துரு புள்ளி வைத்திருந்தால், செம்பும் நிக்கலும் கலந்த குழாய் போடுவது நல்லது; அது துருப்பிடிக்காது, வளைப்பதும் எளிது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரி வரை இறங்கக்கூடும். எனவே பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பிரேக்கை மேம்படுத்த வேண்டுமென்றால் எதைச் செய்வது?

ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால், இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரைப் போடுங்கள். முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் தனித்தனிச் சுற்றாகிவிடும். வெளியே பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. வண்டியின் பழைமையும் கெடாது. சிலிண்டரின் உள்விட்டம் பழையதற்கு இணையாக இருக்க வேண்டும். பெரிய விட்டமுள்ளதைப் போட்டால் பெடல் கல்லைப் போல் இறுகி, அதே நிறுத்தத்துக்கு இன்னும் பலமாக மிதிக்க வேண்டியிருக்கும்.

பூஸ்டர் காலின் உழைப்பைக் குறைக்குமே தவிர, டிரம்மின் சூடு தாங்கும் திறனைக் கூட்டாது. பிற்கால அம்பாசிடர்களில் முன்சக்கர டிஸ்க் பிரேக் வந்தது; அதை எடுத்துப் பொருத்துபவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்வதானால் ஹப், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் என முழுத் தொகுதியாக எடுங்கள். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர்களில் குழாய்க்குள் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு இருக்கும். அதை அப்படியே டிஸ்க்குடன் இணைத்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும்.

ஏலகிரிக்கு ஏற்றிச் செல்லலாமா?

பிரேக் வேலை முடிந்த வண்டியாக இருந்தால் தாராளமாகச் செல்லலாம். அந்தப் பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எஞ்சின் சூட்டையும் இறங்கும்போது டிரம் சூட்டையும் கவனிக்க வேண்டும். டிரம் சூடேறினால் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். லைனிங்கும் தன் பிடிப்பை இழக்கும். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காத அந்த நிலை, முதன்முறை அனுபவிப்பவரைத் திகைக்க வைத்துவிடும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் போட்டு உருட்டுவதைப் பெட்ரோல் சேமிப்பாக எண்ண வேண்டாம். பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வராமல், அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு காலை எடுத்துவிடுங்கள். லைனிங் மாற்றிய வண்டியை முதல் சில நூறு கிலோமீட்டர் சமவெளியில் ஓட்டி, லைனிங் டிரம்மில் படிந்த பிறகே மலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

பட்டனைப் பார்க்காதீர்கள், டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2214 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் இருபத்திரண்டாம் வாரத்தில் தயாரானது. நிழலில் நின்ற வண்டியின் டயர் தேயாது, ஆனால் ரப்பர் காய்ந்து இறுகும். பத்து ஆண்டு தாண்டிய டயர் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் கழற்றிவிடுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்தே சொல்கிறேன். எல்லாரும் மறப்பது அதைத்தான். அம்பாசிடரின் பழைய அளவு 5.90-15, பத்மினியின் அளவு 5.20-14. ரேடியல் போடுவதானால் நான்கும் ரேடியலாக இருக்கட்டும். ஒரு வண்டியில் இரண்டு வகையையும் கலக்கக்கூடாது.

ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருக்கிறது. பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்கிறார்களே?

அந்தப் பேச்சை ஏற்க வேண்டாம். முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். அப்போது ஆட்டம் நின்றுவிட்டால் குறை வீல் பேரிங்கில். தொடர்ந்தால் குறை சக்கரம் திரும்பும் அச்சில். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது தெரிவது டை ராட் முனைகளின் தேய்மானம்.

இந்த வண்டிகளில் கிரீஸ் அடிக்கும் நிப்பிள்கள் ஏராளம். மண் மூடி இரண்டு மூன்று நிப்பிள்கள் கண்ணில் படாமலே பல ஆண்டு கிடந்திருக்கும். ஒவ்வொன்றாகத் துடைத்து, பழைய கிரீஸ் கறுத்து வெளியே வந்து புது கிரீஸ் தெரியும்வரை அடிக்க வேண்டும். ஏறாத நிப்பிளைக் கழற்றி மாற்ற வேண்டும்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதன் முன்சக்கரத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள டிரன்னியனுக்கு (சக்கரம் திரும்ப உதவும் மரையிட்ட மூட்டு) கிரீஸ் அடிக்கக்கூடாது. கெட்டியான கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் உள்ளே இறுகி, மரையின் அடிவரை போய்ச் சேராது. ஈரம் தங்கித் துருப்பிடித்து ஒருநாள் திருப்பத்தில் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். நம் மெக்கானிக்குகள் பழக்கத்தில் கிரீஸ் கன்னை வைத்துவிடுவார்கள். அருகில் நின்று தடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

வேலூர் வெயிலில் வண்டி ஹீட் ஆகிறது. என்ன செய்வது?

இங்கே அக்னி நட்சத்திர நாட்களில் நாற்பது டிகிரியைத் தாண்டுவது வழக்கம். கிரீன் சர்க்கிளிலோ மருத்துவமனை முன்புள்ள நெரிசலிலோ பத்து நிமிடம் நின்றால், பழைய வண்டியின் வெப்பநிலை காட்டும் முள் மேலேறுவது இயல்பு. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதும் முள் ஏறினால் அது வெயிலின் குற்றமன்று.

நின்றால் மட்டும் சூடேறினால், காற்றோட்டம் போதவில்லை என்று கொள்ளலாம்: ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம், ரேடியேட்டரின் முன்புறம் தூசியும் பூச்சிகளும் அடைத்திருக்கலாம். வேகமாக ஓடும்போது சூடேறினால், ரேடியேட்டர் குழாய்களின் உள்ளே அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். நம் பகுதியின் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட இடங்களும் உண்டு. வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு எஞ்சின் பிளாக்கின் உள்ளேயும் படிகிறது. என் அம்பாசிடரின் பிளாக் பக்கவாட்டிலுள்ள வடிகுழாயைத் திறந்தபோது ஒரு சொட்டுகூட வரவில்லை. கம்பியால் குத்திய பிறகு சேறு போல் பழுப்பு நிறக் களிம்பு வந்து, அதன் பின்னரே தண்ணீர் வந்தது. ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்து, மேல் கீழ் தொட்டிகளைப் பிரித்து, குழாய் குழாயாகக் குத்திச் சுத்தம் செய்யச் சொன்னேன். அன்று முதல் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்துதான் ஊற்றுகிறேன். கூலன்ட் கொதிநிலையை உயர்த்துவதுடன் துருவையும் தடுக்கிறது.

தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டால் ஹீட் ஆகாது என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அது இல்லாத எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் ஓடி, ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் கலந்து, உட்பாகங்கள் விரைவில் தேயும். புதிதாக வாங்கிய வால்வைப் பொருத்துவதற்கு முன், வெந்நீர்ப் பாத்திரத்தில் நூலால் கட்டித் தொங்கவிட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள்.

ரேடியேட்டர் மூடியும் முக்கியம். மூடி தாங்கும் ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி கூடுகிறது. ரப்பர் காய்ந்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. அதற்காக, விதித்த அளவைவிடப் பலமான மூடியைப் போட்டால் பழைய ரேடியேட்டரின் பற்றவைப்பு விட்டுவிடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள்.

மேம்பாடு வேண்டுமென்றால், தானாக இயங்கும் ஸ்விட்சுடன் ஒரு மின்விசிறியை ரேடியேட்டரின் முன் பொருத்தலாம். ஆனால் அதற்கு டைனமோ போதாது. அதைக் கீழே சொல்கிறேன்.

இப்போது கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டியைக் கெடுக்குமா?

கெடுக்கக்கூடும், ஆனால் தடுக்க முடியும். இ20 பெட்ரோலில் இருபது விழுக்காடு வரை எத்தனால் உண்டு. பழைய ரப்பர் குழாய்களும், பெட்ரோல் பம்பின் டயபிரமும், கார்புரேட்டர் பேக்கிங்குகளும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை உப்பி, மென்மையாகி, கசியத் தொடங்கும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டுவதுதான் பழைய வண்டிகள் தீப்பிடிக்க முக்கியக் காரணங்களுள் ஒன்று. டேங்க் முதல் கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர் குழாய்களையும் எத்தனால் தாங்கும் தரத்தில் மாற்றி, ஒவ்வொரு முனையிலும் நல்ல கிளிப் போடுங்கள்.

எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். அந்தத் துரு கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். பம்புக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியும் ஒரு ஃபில்டர் போட்டு, அதில் பழுப்பு நிறம் சேர்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய எஞ்சின்களில் வால்வு சீட் தேய வாய்ப்புண்டு. டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் அதுதான் அறிகுறி. ஹெட்டைக் கழற்றும் நாளில் கெட்டியான சீட் வளையங்களை லேத்தில் பொருத்திக்கொள்ளலாம். அதற்காகவே ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடலாமா?

நான் போட்டிருக்கிறேன், எனக்கு வருத்தமில்லை. பழைய டைனமோ தருவது இருபது ஆம்பியர் அளவுதான். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஏறத்தாழ ஒன்றும் தராது. இரண்டு ஹெட்லைட்டும் வைப்பரும் ஹாரனும் சேர்ந்தாலே மழைநாள் இரவு நெரிசலில் பேட்டரி இறங்கிவிடும். ஆல்டர்னேட்டர் நின்ற நிலையிலும் சார்ஜ் செய்யும்.

மாற்றும் முன் இரண்டைக் கவனியுங்கள். பழைய ஆங்கிலேய வடிவமைப்பு வண்டிகளில் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் இணைக்கப்பட்டிருக்கும். அதைப் பார்க்காமல் ஆல்டர்னேட்டரை மாட்டினால் அந்த நொடியிலேயே அதன் டயோடுகள் கருகிவிடும். மேலும், அதிக மின்சாரம் போக வேண்டிய பிரதான ஒயரைத் தடிமனாக மாற்ற வேண்டும்.

ஒயரிங்கைப் பொறுத்தவரை, டேஷ்போர்டுக்குக் கீழே தலையைக் கொடுத்து ஒருமுறை பாருங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள், எதற்கென்று தெரியாத ஒயர்கள், ஃபியூஸில் கம்பி சுற்றியது ஆகிய மூன்றும் ஒரே வண்டியில் கிடைப்பது வழக்கம். மொத்த வண்டிக்கும் இரண்டு, மூன்று ஃபியூஸ்தான் கொடுத்திருப்பார்கள். ஆறு அல்லது எட்டு ஃபியூஸ் உள்ள பெட்டி ஒன்றைச் சேர்ப்பது சில மணி நேர வேலை. ஹெட்லைட்டுக்கு ரிலே போடுங்கள்: பழைய ஸ்விட்ச் வழியாகப் பத்து ஆம்பியர் போகும்போது ஸ்விட்ச் சூடேறுகிறது, வெளிச்சமும் மங்குகிறது. ரிலே போட்ட அன்று இரவே வித்தியாசத்தைக் கண்ணால் காண்பீர்கள். பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச் போட்டு, வண்டியை நிறுத்தும்போதெல்லாம் அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் நல்லது.

பாயிண்ட் செட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் நம்பகமாக இருக்குமா?

பிளக்குகளுக்குத் தீப்பொறி கிடைக்க மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் சிறு தொடுமுனைகளே பாயிண்ட் செட். அதற்குப் பதிலாகத் தரமான எலக்ட்ரானிக் கிட் கிடைத்தால் நம்பகமாகத்தான் இருக்கும். ஆனால் நடுவழியில் அது பழுதானால் சாலையோரம் சரிசெய்ய முடியாது. பாயிண்ட் என்றால் உப்புத்தாளால் தேய்த்து, 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து, பத்து நிமிடத்தில் சரிசெய்து வீட்டுக்கு வந்துவிடலாம். எலக்ட்ரானிக் போட்டாலும் பழைய பாயிண்ட் தட்டை கண்டென்சருடன் டிக்கியில் வைத்திருங்கள். டிஸ்ட்ரிப்யூட்டரின் நடு அச்சு ஆடினால் எந்தப் பாயிண்ட்டும் சரியாக நிற்காது. அதை முதலில் பாருங்கள்.

எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிடலாமா?

தேவையில்லாமல் பிரிக்க வேண்டாம். நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் அளந்து பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட, நான்கும் பத்து விழுக்காட்டுக்குள் ஒத்திருக்கின்றனவா என்பதே முக்கியம். நன்றாகச் சூடான பிறகு ஆயில் அழுத்தம் ஓடும்போது நிலையாக நின்றால், நிற்கும்போது சற்றே இறங்கினால், கிராங்க் பேரிங்கைத் தொட வேண்டிய அவசரமில்லை. பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஊற்றுங்கள். ஐந்நூறு கிலோமீட்டரில் மீண்டும் ஒருமுறை மாற்றுங்கள். முதல் ஆயில் பல ஆண்டு அழுக்கைக் கரைத்து எடுத்துவரும். நீண்ட நாள் நின்ற எஞ்சினாக இருந்தால், ஸ்டார்ட் செய்யும் முன் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, ஓர் இரவு வைத்து, மறுநாள் கையால் சுழற்றிப் பாருங்கள்.

துருவை எப்படிக் கண்டுபிடிப்பது?

கையில் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். பட்டி அப்பிய இடத்தில் காந்தம் ஒட்டாது. கதவுக்குக் கீழ்ப்பட்டை, தரைவிரிப்புக்கு அடியிலுள்ள தகடு, பின் பட்டை ஸ்பிரிங் பாடியில் பொருந்தும் இடம் ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். அம்பாசிடரிலும் பத்மினியிலும் பாடியைத் தாங்கும் தனி இரும்புச் சட்டகம் கிடையாது. பாடியே வண்டியின் எலும்பு. ஸ்பிரிங் பொருந்தும் இடத்தில் துரு தின்றிருந்தால் அது அழகுக் குறையன்று, பாதுகாப்புக் குறை. நம் பகுதியின் வறண்ட காற்றில் வளர்ந்த வண்டிகள் ஓரளவு தப்பிக்கும். கடற்கரை ஊர்களிலிருந்து வந்த வண்டியாக இருந்தால் இரண்டு முறை பாருங்கள்.

சீட் பெல்ட் இல்லாத வண்டியில் பொருத்தலாமா?

பொருத்த வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் போல்ட்டை வெறும் தகட்டில் போட்டால் மோதும்போது தகடு கிழிந்து பெல்ட்டோடு வந்துவிடும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் பின்னால் அகலமான எஃகுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். துருப்பிடித்த தகட்டில் பற்றவைப்பதில் பயனில்லை. உலர்தூள் தீயணைப்பான் ஒன்றை ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். டிக்கியில் வைத்தால் தேவைப்படும்போது எட்டாது.

ஆவணங்களில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணும் சேஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் பெட்ரோல் அம்பாசிடர்களில் டீசல் எஞ்சின் மாற்றுவது பரவலாக இருந்தது. அந்த மாற்றம் புத்தகத்தில் பதியப்படாமல் இருந்தால் பெயர் மாற்றத்திலும் காப்பீட்டிலும் சிக்கல் வரும். சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுக்குச் செல்லும். அதன் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குரிய படிவம் 29, 30 ஆகியவற்றில் விற்பவரின் கையெழுத்தைப் பணம் கொடுக்கும் முன்பே வாங்கிவிடுங்கள்.

ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய 2021இல் விதி வந்தது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் பயணத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கே அனுமதி. ஓட்டி மகிழ வேண்டும் என்று வாங்கியவர்கள் இதை யோசித்து முடிவு செய்யுங்கள்.

எல்லா வேலையையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டால் நல்லதல்லவா?

பாதுகாப்பு வேலைகளை ஒரே மூச்சில் முடியுங்கள். நம்பகத்துக்கான மாற்றங்களை மட்டும் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். கார்புரேட்டர், இக்னிஷன், பெட்ரோல் பம்பு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் மாற்றிய நண்பர் ஒருவரின் பத்மினி, வாலாஜாவைத் தாண்டியதும் திக்கித் திக்கி நின்றது. மூன்றில் எது காரணம் என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. கடைசியில் புதுப் பம்பின் அழுத்தம் கார்புரேட்டரின் ஊசி வால்வு தாங்கும் அளவைவிட அதிகம் என்று தெரிந்தது. ஒரு மாற்றம், நூறு கிலோமீட்டர் ஓட்டம், பிறகு அடுத்தது என்று போனால் இந்த அலைச்சல் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, தேதியும் மீட்டர் அளவும் செய்த வேலையும் எழுதி வையுங்கள்.

உதிரி பாகங்கள் எங்கே கிடைக்கும்?

சாதாரண பாகங்கள் வேலூரிலேயே கிடைக்கும். கிடைக்காதவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் உண்டு. பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் வேறொன்று வந்து சேரும். பிரேக் ரப்பர்களை மட்டும் பழைய இருப்பில் வாங்காதீர்கள். பெட்டி புதிதாக இருந்தாலும் உள்ளே ரப்பருக்கு வயதாகியிருக்கும்.

நெடும்பயணத்தில் டிக்கியில் எவற்றை வைத்திருக்க வேண்டும்?

ஃபேன் பெல்ட் ஒன்று, மேல் ரேடியேட்டர் ஹோஸ் ஒன்று, கிளிப்புகள், பாயிண்ட்டும் கண்டென்சரும், ஃபியூஸ்கள், இரண்டு பிளக், அரை லிட்டர் பிரேக் ஆயில், ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில், ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், டார்ச், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு மரக்கட்டை, பிரதிபலிக்கும் முக்கோணம். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும் நாள் காலையில் பாருங்கள்; முதல் இருபது கிலோமீட்டர் கடந்ததும் ஓர் ஓரமாக நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்ற மூன்றைவிடச் சுட்டால், அந்தப் பயணத்தை அங்கேயே நிறுத்தித் திரும்பிவிடுங்கள்.